வெயிலைச் சேமிக்கும் குதிர் வேண்டும்

மனித நாகரிகத்தின் வரலாற்றைச் சேமிப்பின் வரலாறு என்றே சொல்லிவிடலாம். வேட்டையாடிய மனிதன் அன்று கிடைத்ததை அன்றே உண்டான். உழவு கற்ற மனிதனோ விளைந்ததைக் குதிரிலும் பத்தாயத்திலும் கொட்டிவைத்தான். பெய்த மழையை ஏரியில் தேக்கினான். நம் கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரி முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. மூன்று மாத மழையைக் கொண்டு ஆண்டெல்லாம் வாழ வேண்டும் என்னும் அறிவே அந்த ஏரியைத் தந்தது. நெல்லுக்கும் நீருக்கும் இவ்வளவு முன்யோசனை செய்த நாம், மின்சாரத்தில் மட்டும் இன்னும் அன்றாடங்காய்ச்சிகளாகவே இருக்கிறோம். இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய கடமை மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கே மிகுதி என்பது என் கருத்து.

மின்சாரத்தின் இயல்பு

மின்சாரம் வினோதமான பண்டம். உற்பத்தியாகும் அந்த நொடியிலேயே அது செலவாகிவிட வேண்டும். நாம் விசையைத் தட்டும்போது, எங்கோ ஓர் இயந்திரம் அதற்கேற்பச் சற்று அதிகமாக உழைக்கிறது. தேவையும் உற்பத்தியும் ஒத்துப்போனால்தான் மின் கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். தராசு மிகவும் சாய்ந்தால் பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொன்றாக இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களிலும் வட இந்தியா இருளில் மூழ்கியது. இரண்டாம் நாளில் மட்டும் 60 கோடி மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. அன்று நாம் தப்பினோம்; ஏனெனில் தென்னிந்தியக் கட்டமைப்பு மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். இன்று நாடு முழுவதும் ஒரே தராசில் நிற்கிறது.

நிலக்கரியும் நீர்வீழ்ச்சியும் மட்டுமே மின்சாரம் தந்த காலத்தில் இந்தத் தராசைச் சமன்செய்வது ஓரளவு எளிதாக இருந்தது. நிலக்கரிக் குவியலும் அணை நீரும் தாமே சேமிப்புகள்! தேவைப்படும்போது எரிக்கலாம், தேவைப்படும்போது திறக்கலாம். சூரியனும் காற்றும் அப்படியல்ல. அவை அழைத்தபோது வரும் பணியாள்கள் அல்ல. வந்தபோது வரவேற்க வேண்டிய விருந்தினர்கள்.

தமிழகம் இந்த விருந்தினரை வரவேற்பதில் முன்னோடி மாநிலம். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பின்னர் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாய்கள் காற்றாலைக் காடுகளாயின. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரை வாரி வழங்கிவிட்டு, ஆண்டின் முற்பகுதியில் கையை மூடிக்கொள்கிறது. சூரியனோ தினமும் மாலை ஆறரை மணிக்குக் கதவைச் சாத்திவிடுகிறான். வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் ஒன்றாக விழித்துக்கொள்வதும் அதே வேளையில்தான்.

நம் ஊரில் சிலர் வீட்டு மாடியில் சூரியத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். "இனி எங்கள் வீட்டில் இரவும் பகலும் வெயில் கரண்ட்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மை வேறு. பகலில் மிஞ்சுவதை அவர்கள் மின்வாரியக் கம்பிக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அதே கம்பியிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் இரவில் வருவது வெயில் அல்ல. பெரும்பாலும் எங்கோ எரிந்த கரி.

நெய்வேலியும் நாமும்

அந்த "எங்கோ" என்பது நமக்குத் தொலைவில் இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கிடைத்த கரிய பொருள், நெய்வேலியைப் படைத்தது. 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் முதல் மின்சாரம் பிறந்தது. அந்த ஒளியில்தான் தமிழகத்தின் ஆலைகள் ஓடின. இறவைப் பொறிகள் இயங்கின. நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சோவியத் உதவியுடன் எழுந்த அந்த முதல் அனல்மின் நிலையம் ஆறு தலைமுறை மாணவர்களுக்குச் சமமான காலம் உழைத்துவிட்டு 2020இல் ஓய்வுபெற்றது. நன்றி மறப்பது நன்றன்று.

ஆனால் பழுப்பு நிலக்கரி கேட்கும் விலையையும் நாம் அறிவோம். அதை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்கும் மேல் கரியமிலவாயு வானில் கலக்கிறது. அது உலகம் தரும் விலை. நாம் தரும் விலை நிலம். சுரங்கம் என்பது ஓரிடத்தில் நிற்கும் ஆலை அல்ல. அது தின்றுகொண்டே நகர்வது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய்ப் பணிக்காகப் பச்சைப் பயிர் நின்ற நெல்வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே பார்த்தது. நிலம் ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்பது ஒரு பக்கத்து நியாயம். கதிர் வரும் பயிரை அழிக்கலாமா என்பது மறுபக்கத்து நியாயம். அந்த வழக்குக்குள் நான் புகவில்லை. நான் கேட்பது ஒன்றே: பகலில் வெயில் மின்சாரம் பெருகிக்கொண்டே போகும்போதும் சுரங்கம் விரிய வேண்டியிருப்பது எதற்காக?

இரவுக்காக என்பது அதற்கு விடையின் பெரும்பகுதி. ஆகவே மின்சாரச் சேமிப்பு என்பது டெல்லியில் பொறியாளர்கள் பேசிக்கொள்ளும் நுட்பப் பிரச்சினை மட்டுமன்று. அது விருத்தாசலம், புவனகிரி, குறிஞ்சிப்பாடி வட்டங்களின் நிலப் பிரச்சினையும் ஆகும். சேமித்துவைக்கும் ஒவ்வொரு மாலை நேரத்து யூனிட்டும் தோண்டாமல் விட்ட ஒரு பிடி மண்!

நாட்டின் தேவை எவ்வளவு?

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா தந்த உறுதிகளில் இரண்டு: 2030க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின்திறன் 500 கிகாவாட், 2070க்குள் நிகரக் கரிம வெளியேற்றம் பூச்சியம். மத்திய மின்சார ஆணையம் 2023இல் வெளியிட்ட தேசிய மின்திட்டம், 2031-32ஆம் ஆண்டில் 411 கிகாவாட் மணி அளவுக்குச் சேமிப்பு தேவை என்று மதிப்பிட்டது. அதில் 175 நீரேற்று நிலையங்களிலும், 236 மின்கலங்களிலும் இருக்க வேண்டும்.

411 கிகாவாட் மணி என்பது ஏறத்தாழ 41 கோடி யூனிட். பெரிய எண்தான். ஆனால் 2024 கோடையில் தமிழகம் மட்டும் ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவிட்டது. அதாவது நாடு முழுமைக்கும் 2032இல் வேண்டும் என்று கணித்த சேமிப்பு, நம் ஒரு மாநிலத்தின் ஒரு கோடை நாளுக்குக்கூடப் போதாது. இது திட்டத்தின் குறை அல்ல. இந்தச் சேமிப்பு மாலையிலிருந்து நள்ளிரவு வரையிலான சில மணி நேரத்தைக் கடக்கவே போடப்பட்ட கணக்கு. நாள்கணக்கில் மேகம் மூடும் ஐப்பசி, கார்த்திகைக்கும், காற்று ஓயும் மாதங்களுக்கும் விடை இன்னும் தேட வேண்டும். எனவே நாளைக்கே நெய்வேலியைப் பூட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அதை இனி விரிக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இந்தச் சில மணி நேரமே போதிய தொடக்கம்.

கடம்பாறை காட்டும் வழி

மின்சாரத்தைப் பேரளவில் சேமிக்கும் வழிகளில் மூத்தது நீரேற்று முறை. மின்சாரம் மிகும்போது கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றுவது. குறையும்போது அதையே இறக்கிச் சக்கரத்தைச் சுழற்றுவது. நான்கு யூனிட் கொடுத்தால் ஏறத்தாழ மூன்று யூனிட் திரும்பி வரும். ஒரு யூனிட் நட்டம்தானே என்று தோன்றலாம். பயனின்றி வீணாகும் நான்கைவிட, வேண்டிய நேரத்தில் கிடைக்கும் மூன்று மேலானதன்றோ!

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. கோவை மாவட்டத்து ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. நூறு நூறு மெகாவாட்டாக நான்கு இயந்திரங்கள் 1987 முதல் 1989 வரை அங்கே இயங்கத் தொடங்கின. இத்துறையில் இந்தியாவின் முன்னோடிகளில் அது ஒன்று. வருத்தம் யாதெனில், அதன்பின் முப்பது ஆண்டுகளில் அதைப் போன்ற இன்னொன்றை நாம் கட்டி முடிக்கவில்லை. நீலகிரியில் 500 மெகாவாட் அளவில் எடுத்துக்கொள்ளப்பட்ட குந்தா நீரேற்றுத் திட்டம் குறித்த காலங்களையெல்லாம் தாண்டி நீண்டது. சீனத்தில் பெங்னிங் என்னும் ஒரே நிலையம் 3,600 மெகாவாட் திறனோடு நிற்கிறது.

மலைக்காட்டைக் குடைவதிலும் பாதிப்பு உண்டு; சோலைகளை இழந்து சேமிப்பகம் கட்டுவது ஒரு கண்ணைக் குத்தி மறுகண்ணுக்கு மருந்திடுவது போலாகும். அப்படியானால் ஏற்கெனவே தோண்டிய பள்ளங்களைப் பார்க்கலாமே! பயன் முடிந்த சுரங்கக் குழிகள் நம் அருகிலேயே உள்ளன. இயற்பியல் மாணவர்கள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால் கால் யூனிட்டுக்குச் சற்றே அதிகம் கிடைக்கும். ஒரு கோடி கன மீட்டர் இருந்தால், இழப்பு போக ஏறத்தாழ 20 லட்சம் யூனிட். அதாவது 500 மெகாவாட் நான்கு மணி நேரத்துக்கு. மேலே அதற்குத் தேவையான குளம் பத்து மீட்டர் ஆழத்தில் 250 ஏக்கர். தளர்ந்த மண்மேடு அந்த எடையைத் தாங்குமா, நிலத்தடி நீருக்குக் கேடு வருமா என்பதைப் பொறியாளர்கள் ஆராய்ந்து சொல்லட்டும். ஆராய்ந்து "முடியாது" என்றால் ஏற்றுக்கொள்வோம். ஆராயாமலே விட்டுவிடுவதை ஏற்கக் கூடாது.

மின்கலங்களின் காலம்

இரண்டாவது வழி மின்கலம். 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் இன்று ஊருக்கே ஒளி தருகிறது. 2016 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. அடுத்த ஆண்டே அங்கே ஹார்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதியை நிறுவினார்கள். கலிபோர்னியாவில் 2024ஆம் ஆண்டில் மின்கலத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் சில மாலை வேளைகளில், சற்று நேரத்துக்கு, அம்மாநிலத்துக்கு மிக அதிக மின்சாரம் தந்தவை மின்கலங்களே.

"பணக்கார நாட்டு விளையாட்டு" என்று இதை ஒதுக்கிய காலம் மலையேறிவிட்டது. இந்திய ஏலங்களில் ஒரு மெகாவாட் மின்கலச் சேமிப்புக்கு மாத வாடகை 2022இல் பத்து லட்சம் ரூபாய்க்கும் மேலாக இருந்தது; 2024 முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னொரு செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது. தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு 8 மெகாவாட் மணி மின்கலத்தையும் 2020இல் அமைத்தது வேறு யாருமல்ல, நெய்வேலி நிறுவனமே. டீசல் புகையிலிருந்து தீவைக் காக்கத் தெரிந்த கைகளுக்குச் சொந்த மண்ணைக் காக்கத் தெரியாதா என்ன?

பீங்கான் நகரின் பங்கு

இங்கேதான் நம் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழில், நெய்வேலிச் சுரங்கத்தில் கரிக்கு மேலே கிடந்த வெண்களிமண்ணின் பிள்ளை. பீங்கான் தொழிற்பேட்டையும், அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் நம்மிடம் உள்ளன. மங்கலம்பேட்டையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வேலைக்கு வரும் ஆண்களும் பெண்களும் களிமண்ணை அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் சுட்டு எடுக்கும் கலையில் தேர்ந்தவர்கள். இவர்களுக்கும் மின்சாரச் சேமிப்புக்கும் என்ன தொடர்பு?

ஜப்பானில் நகோயா நகரில் 1919இல் ஒரு நிறுவனம் பிறந்தது. அதன் பெயர் என்.ஜி.கே. மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் காப்பான்களைச் செய்வதே அதன் தொழில். அமெரிக்க போர்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1960களில் சோடியம்-கந்தக மின்கலம் என்னும் கருத்து உருவாயிற்று. அதன் உயிர்நாடி, பீட்டா அலுமினா என்னும் பீங்கான் குழாய். சுமார் 300 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிய சோடியம் ஒருபுறம், கந்தகம் மறுபுறம். நடுவே நின்று சோடிய அயனிகளை மட்டும் வழிவிடும் சுவர் அந்தப் பீங்கான். அத்தகைய குழாயை விரிசலின்றிச் செய்யத் தெரிந்தவர் யார்? பீங்கான் சுட்டுப் பழகியவரே! டோக்கியோ மின் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்த என்.ஜி.கே., 2000களின் தொடக்கத்தில் இந்த மின்கலத்தை வணிகப் பொருளாக்கியது. ரொக்காஷோ என்னும் ஊரில் 51 மெகாவாட் காற்றாலைப் பண்ணையோடு 34 மெகாவாட் மின்கலம் 2008இல் இணைக்கப்பட்டது.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2011இல் இத்தகைய மின்கலத் தொகுதி ஒன்று தீப்பற்றியது. லித்தியத்தின் விலைச் சரிவும் இவ்வகை மின்கலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நம் களிமண்ணை அப்படியே சுட்டால் பீட்டா அலுமினா ஆகிவிடவும் செய்யாது; அதற்குத் தூய அலுமினா வேண்டும், துல்லியமான உலை வேண்டும். ஆகவே அதே மின்கலத்தை நாமும் செய்வோம் என்று நான் சொல்லவில்லை. நான் காட்டுவது பாதையை: காப்பான் செய்த கை, கற்றுக்கொண்டால், மின்கலத்தின் நெஞ்சையும் செய்யும். திடநிலை மின்கலங்களை நோக்கி உலக ஆய்வுகள் திரும்பியிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பீங்கான் படலமே அடிப்படை. வெயில் மின்சாரத்தை வெப்பமாக மாற்றி உலைக்கற்களில் தேக்கி, பிறகு தொழிற்சாலைக்குக் கொடுக்கும் முறையும் வளர்ந்து வருகிறது. உலைக்கல்லைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சோடியத்துக்கு மூலமான உப்புக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. தூத்துக்குடியும் வேதாரண்யமும் மரக்காணமும் இருக்கின்றன. அறிவுக்கும் பஞ்சமில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இயங்கி வருகிறது. காரைக்குடியின் ஆய்வும் விருத்தாசலத்தின் சூளையும் கைகோத்தால் என்ன? நம் பயிலகத்தில் மின்சாரப் பீங்கான்களுக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தால் என்ன? இவை பல ஆயிரம் கோடி கேட்கும் கனவுகள் அல்ல.

வயலே ஒரு சேமிப்பகம்

மின்கலமும் அணையும் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் மலிவான சேமிப்பு, தேவையை வெயில் நேரத்துக்கு நகர்த்துவது. தமிழகத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இறவைப் பொறிகள் உள்ளன. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் கைவிளக்கோடு வரப்பில் நடந்து மோட்டார் போடும் உழவரை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். பாம்புக்கும் பனிக்கும் அஞ்சி அவர் இறைக்கும் அதே நீரைப் பகலில் வெயில் மின்சாரத்தில் இறைத்து, வயலிலும் தொட்டியிலும் நிறுத்தினால் அதுவும் சேமிப்பே. உழவருக்கு உறக்கம், மின்வாரியத்துக்கு மாலைச் சுமை குறைவு. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை; தனி மின்தடங்களும் திட்டமிட்ட நேர ஒதுக்கீடும் போதும்.

செய்ய வேண்டியவை

"சுரங்கம் நின்றால் வேலை போகுமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நெய்வேலியில் உழைப்பவரின் வயிற்றில் அடித்து வரும் தூய்மை தூய்மை ஆகாது. ஆனால் கரி ஒருநாள் தீரும், வெயில் தீராது. தீரும் நாளுக்கு முன்பே மாற்று வேலையை அதே மண்ணில் விதைப்பதுதான் தொழிலாளிக்குச் செய்யும் உண்மையான நன்மை. சேமிப்பகம் கட்டவும் காக்கவும் கைகள் வேண்டும். மின்கலத்துக்குப் பீங்கான் செய்யவும் கைகள் வேண்டும்.

எனவே நான் முன்வைப்பவை மூன்றே. முதலாவது, இனி புதிதாகச் சுரங்கத்துக்கு ஓர் ஏக்கர் எடுக்கும் முன், அந்த ஏக்கர் தரும் மாலை மின்சாரத்தைச் சேமிப்பின் மூலம் பெற என்ன செலவாகும் என்னும் கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். இரண்டாவது, பயன் முடிந்த சுரங்கக் குழிகளை நீரேற்றுச் சேமிப்புக்கு ஆராய வேண்டும். மூன்றாவது, விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலை மின்சாரச் சேமிப்புத் துறையோடு இணைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! மின் கட்டமைப்பு என்பது எங்கோ யாரோ கட்டுவது என்று எண்ணாதீர்கள். அதன் கரி நம் மண்ணிலிருந்து போயிற்று. அதன் கம்பியைத் தாங்கும் பீங்கானைச் சுடும் கலை நம்மிடம் இருக்கிறது. சோழன் காலத்து உழவன் மழையை ஏரியில் தேக்கிக் கோடையை வென்றான். வெயிலைத் தேக்கி இரவை வெல்லும் பொறுப்பு உங்கள் தலைமுறைக்கு. இயற்பியலும் வேதியியலும் தேர்வுக்கு மட்டும் படிக்கும் பாடங்கள் அல்ல. பக்கத்து ஊர் நெல்வயலைக் காக்கும் கருவிகளும் அவையே. அந்த எண்ணத்தோடு படியுங்கள்.